எச்சிலில் ரத்தம் கண்டால்



இன்று நான் பேசப்போவது ஈறைப் பற்றி. எகிறு என்று நம் பக்கத்தில் சொல்கிறோமே, அதைப் பற்றித்தான். "குடும்ப நலத்துக்கும் எகிறுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. முதலில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

அந்த வீட்டில் மருமகளுக்கு ஆறாவது மாதம். காலையில் பல் துலக்கித் துப்பினால் எச்சில் சிவப்பாக இருக்கிறது. பயந்துபோய் மாமியாரிடம் சொல்கிறாள். "பிள்ளைத்தாச்சி உடம்பு, சூடு. அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நாளைக்குப் பல்லிலே எதையும் வைக்காதே, வாயை மட்டும் கொப்பளிச்சுக்கோ" என்கிறார் மாமியார். அவளும் அப்படியே செய்கிறாள். இரண்டு வாரத்தில் ஈறு வீங்கி, பளபளவென்று சிவந்து, வாய் நாற ஆரம்பிக்கிறது. கடித்தால் வலி. நிலக்கடலை வேண்டாம், கீரை வேண்டாம், கஞ்சி மட்டும் போதும் என்று ஆகிவிடுகிறது. இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டியவள் அரை வயிறு சாப்பிடுகிறாள். புருஷனிடம் சொன்னால், "எனக்கு ஒரு நாளும் ரத்தம் வந்ததில்லையே, உனக்கு மட்டும் என்ன?" என்று பீடியைப் பற்ற வைக்கிறார்.

இந்த வீட்டில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. ஆனாலும் மூன்று பேரும் ஆளுக்கொரு தவறு செய்துவிட்டார்கள். மாமியார் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். மருமகள் நர்சம்மாவிடம் சொல்லாமல் இருந்துவிட்டாள். கணவர் தமக்கு ரத்தம் வராததால் தம் ஈறு நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிட்டார். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரத்தம் ஏன் வருகிறது?

நாம் சாப்பிட்ட பிறகு பல்லின் மேல் மாவு போல ஒரு படலம் படிகிறது. நகத்தால் பல்லின் ஓரத்தைச் சுரண்டினால் வெள்ளையாக ஒட்டுமே, அதுதான். அது வெறும் சோற்று மிச்சம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கும் படலம். பல்லும் ஈறும் சேருகிற இடத்திலே இது தங்கிவிட்டால், கிருமிகளின் நஞ்சு ஈறைப் புண்ணாக்குகிறது. புண்ணான ஈறு வீங்கி மெலிந்து போகிறது. லேசாகத் தொட்டாலும் ரத்தம் கசிகிறது. ஆகவே பெரும்பாலானவர்களுக்கு ரத்தம் வருவது உடம்புச் சூட்டினால் அல்ல; ஈறு ஓரத்தில் தங்கிய அழுக்கினால்தான்.

இந்தப் படலத்தை அன்றாடம் எடுக்காமல் விட்டால், சில நாளில் கெட்டியாகி, மஞ்சளாகவும் பழுப்பாகவும் காரை போலப் பல்லைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பிரஷ்ஷால் தேய்த்து அதை எடுக்க முடியாது. பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

இதையும் கவனிக்காமல் விட்டால், கிருமி ஈறுக்குக் கீழே இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பையே அரிக்கத் தொடங்கும். மரத்தின் வேரைச் சுற்றி மண் அரித்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? மரம் பச்சையாகத்தான் நிற்கும்; ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். பல்லும் அப்படித்தான். சொத்தையே இல்லாத பல்லும் ஆடி விழும். ஈறுப் புண் ஆறிவிடும். ஆனால் அரித்துப்போன எலும்பு தானாக மறுபடி வளர்ந்து பழைய நிலைக்கு வராது. இதை மறக்கக் கூடாது.

துலக்குவதை நிறுத்தலாமா?

நிறுத்தவே கூடாது. 1965-ம் ஆண்டில் டென்மார்க் நாட்டிலிருந்து ஒரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்கள். 10 முதல் 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி ஒழுங்காகத் துலக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழையபடி ஆகிவிட்டது. மருந்தில்லை, ஊசியில்லை. நோயைக் கொண்டு வந்தது துலக்காமை, போக்கியது துலக்குதல்.

துலக்காமலே வருஷக்கணக்கில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 1985 வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஒழுங்காகப் பல் துலக்கும் பழக்கமோ, பல் வைத்தியமோ இல்லாதவர்கள் அவர்கள். எல்லாருக்குமே ஈறு வீக்கம் இருந்தது. நூற்றுக்கு 11 பேருக்கு அது ஈறோடு நின்றது. 81 பேருக்கு மெதுவாக எலும்பை அரித்தது. மீதி 8 பேருக்கு வேகமாகப் பரவி, 45 வயதுக்குள் எல்லாப் பல்லும் போய்விட்டது. நாம் எந்தக் கூட்டத்தில் இருக்கிறோம் என்று முன்கூட்டியே யாரால் சொல்ல முடியும்?

ஆகவே, ரத்தம் வரும் இடம்தான் அதிகம் துலக்க வேண்டிய இடம். மெதுவாக, ஆனால் தவறாமல் துலக்குங்கள். முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும். பயப்பட வேண்டாம், ஒன்றிரண்டு வாரத்தில் குறையும். அப்படிக் குறையாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மார்களுக்கு

கர்ப்ப காலத்தில் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்கள் அதிகமாகின்றன. அதனால் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் ஈறு அதிகமாக வீங்கும். இரண்டாம் மாதம் தொடங்கி எட்டாம் மாதம் வரை இது கூடிக்கொண்டே போகலாம். பிரசவத்துக்குப் பின் குறையும். சிலருக்கு ஈறில் சிவப்பாகச் சின்ன கட்டி போல எழும்பும். அது புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் சுருங்கிவிடும். ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

"வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிவிடும், பல் போகத்தான் செய்யும்" என்று சிலர் சொல்வதுண்டு. அது உண்மையல்ல. பிள்ளை பெறுவதற்காக யாரும் பல்லை இழக்க வேண்டியதில்லை.

மசக்கையில் வாந்தி எடுத்தால், உடனே பல் துலக்காதீர்கள். வாந்தியின் புளிப்பு பல்லை மிருதுவாக்கியிருக்கும். தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். பிரஷ்ஷைக் கண்டாலே குமட்டினால், பசை இல்லாமல் வெறும் பிரஷ்ஷால் துலக்கினாலும் போதும்.

கர்ப்பிணிகள் பல் வைத்தியம் செய்துகொள்ளலாமா? தாராளமாக. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம். கடும் வலியோ வீக்கமோ இருந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்க வேண்டாம். கர்ப்பமாக இருப்பதை மட்டும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது, "ஈறில் ரத்தம் வருதுங்க" என்று நர்சம்மாவிடம் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

கணவன்மார்களுக்கு

பீடி, சிகரெட் குடிக்கிறவர்களின் ஈறில் ரத்த ஓட்டம் சுருங்கிப் போகிறது. அதனால் நோய் இருந்தும் ரத்தம் அவ்வளவாக வராது. வீட்டில் திருடன் புகுந்தும் நாய் குரைக்காதது போலத்தான் இது. ரத்தம் வரவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிட்டு, பல் ஆடும்போதுதான் விஷயம் தெரியும். பீடி குடிப்பவர்களுக்கு எலும்பு அரிப்பது அதிகம். வைத்தியம் செய்தாலும் ஆறுவது தாமதம். போயிலை போட்டு அடக்குகிறவர்களுக்கு, அடக்குகிற இடத்திலே ஈறு கீழே இறங்கிவிடும். அதோடு வாய்ப் புற்றுநோய் அபாயமும் இருக்கிறது. வாயில் வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே காட்டுங்கள்.

சர்க்கரை வியாதி இருந்தால் ஈறு சீக்கிரம் கெடும்; ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். அடிக்கடி ஈறு வீங்கினால் ஒரு தடவை ரத்தத்தில் சர்க்கரை பார்த்துக்கொள்வது நல்லது.

எப்படித் துலக்க வேண்டும்?

மிருதுவான நாருள்ள பிரஷ் வேண்டும். ஆளுக்கு ஒன்று, கணவன் மனைவியானாலும் தனித்தனி. நார் ஈறின் ஓரத்தில் படும்படி சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக, மெதுவாகத் துலக்குங்கள். வெளிப்பக்கம், உள்பக்கம், கடைசிக் கடைவாய்ப் பல் எதையும் விடக் கூடாது. இரண்டு நிமிஷம் ஆக வேண்டும். காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை. ராத்திரித் துலக்குவதை விடாதீர்கள். தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைவதால் கிருமிக்குக் கொண்டாட்டம். நார் விரிந்துவிட்டால், அல்லது மூன்று மாதம் ஆனால், பிரஷ்ஷை மாற்றுங்கள்.

செங்கல் தூள், மணல், அடுப்புக்கரி, சாம்பல் இவை வேண்டாம். பல்லைத் தேய்த்து, ஈறைக் கீறிவிடும். வேப்பங்குச்சி, ஆலங்குச்சி பழகியவர்கள் நுனியை நன்றாக மென்று பஞ்சு போலாக்கிக்கொண்டு மெதுவாகத் துலக்கலாம். ஆனால் குச்சி உள்பக்கத்துக்கும் கடைவாய்க்கும் சரியாக எட்டுவதில்லை.

வெதுவெதுப்பான ஒரு தம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளித்தால் ஈறு வலிக்கு இதமாக இருக்கும். ஆனால் கொப்பளிப்பது துலக்குவதற்கு ஈடாகாது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, கீரை ஆகியவை ஈறுக்கு நல்லவை. தோட்டத்திலும் சந்தையிலும் கிடைக்கின்றன. ஆனால் அழுக்கை அப்படியே விட்டுவிட்டு நெல்லிக்காய் மட்டும் தின்றால் பயனில்லை.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ஒழுங்காகத் துலக்கியும் இரண்டு வாரத்துக்கு மேல் ரத்தம் வந்தால், சீழ் வந்தால், பல் ஆடினால், காரை படிந்திருந்தால், பல் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "காரையை எடுத்தால் பல் ஆடும்" என்று பயப்படுகிறார்கள். காரை இருந்த இடம் காலியாவதால் இடைவெளி தெரியும். கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும். பல்லை ஆட வைப்பது காரைதான், அதை எடுப்பது அல்ல.

காய்ச்சலோடு ஈறில் ரத்தம் வந்தால் அது டெங்குவாக இருக்கலாம். உடம்பில் காரணமில்லாமல் ரத்தக் கட்டு, வெளிறிப் போதல், ஓயாமல் ரத்தக் கசிவு இருந்தால் அது ரத்த சம்பந்தமான நோயாக இருக்கலாம். இவற்றுக்கு ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். வலிப்பு மாத்திரையோ, இருதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. நான் முதலில் சொன்ன அந்த வீட்டில் என்ன நடந்திருக்க வேண்டும்? மாமியார், "நிறுத்தாதே, மெதுவாத் துலக்கு, நர்சம்மா வந்தா காட்டலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். கணவர் பீடியை வைத்துவிட்டு, "நானும் வர்றேன், ரெண்டு பேரும் காட்டிட்டு வருவோம்" என்று கிளம்பியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இன்று ராத்திரி படுக்கப் போகும் முன் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து பல் துலக்குங்கள். அதைப் பார்த்து உங்கள் பிள்ளைகளும் துலக்கும். நாளைக் காலையில் எச்சிலில் சிவப்புத் தெரிந்தால், அதை மறைக்காதீர்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள்.