குளுவாங் பண்ணையும் நமது மாட்டுக் கொட்டகையும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பால் என்றால் நமக்கு இரண்டு பால் உண்டு. ஒன்று மரத்துப் பால், மற்றது மாட்டுப் பால். மரத்துப் பாலைக் கிராணிமார்களாகிய நாம் எடை போட்டோம். பெயருக்கு நேரே எழுதினோம். ஒரு கிலோ குறைந்தாலும் கேள்வி கேட்டோம். லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த பசுவின் பாலை எவர் எழுதினார்? எவருமில்லை. அந்த எழுதாத கணக்கைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

குளுவாங்கிலிருந்து பத்து பஹாட் செல்லும் சாலையில் 13ஆவது கிலோமீட்டரில் அரசாங்கக் கால்நடைப் பண்ணை இருக்கிறது. நெடுங்காலம் அதற்கு 'இன்ஸ்டிடியூட் ஹைவான்' என்று பெயர். பஸ்ஸில் அந்த வாசலைக் கடந்தவர் நம்மில் பலர். உள்ளே என்ன நடக்கிறதென்று விசாரித்தவர் சிலரே.

ஐரோப்பிய ஃப்ரீசியன் பசு குடம் குடமாய்ப் பால் தரும். ஆனால் நம் நாட்டு வெயிலில் மூச்சிரைத்துத் தீனியை விட்டுவிடும். உண்ணிக் காய்ச்சலில் விழும். பஞ்சாபின் சாஹிவால் மாடு வெயிலையும் உண்ணியையும் தாங்கும். பால் அவ்வளவு இல்லை. இவ்விரண்டும் கலந்த மாடுகளை 1970களிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளிலிருந்து தருவித்தார்கள். குளுவாங்கில் அவற்றைப் பொறுக்கி எடுத்துப் பெருக்கிய இனந்தான் 'மாஃப்ரிவால்'. பால் ஆசையில் ஃப்ரீசியன் இரத்தத்தை மேலும் மேலும் ஏற்றினால் நோயும் ஏறும். பேராசை மாட்டுக்கும் ஆகாது!

அதற்கு முன் இந்நாட்டில் பால் கறந்தது யார்? கால்நடைத் துறையார் 'லோக்கல் இந்தியன் டைரி' என்று ஏடுகளில் எழுதிய மாடுகள். இந்தியாவிலிருந்து வந்த நம்மவர் கொண்டுவந்து வளர்த்த மாடுகளின் வழி வந்தவை. இனத்துக்கு நம் பெயரே இருக்கிறது. கணக்கு மட்டும் நம்மிடம் இல்லை.

இப்படிப்பட்ட பண்ணையில் என்ன கற்றுத் தருகிறார்கள்? கறக்கவா? அது நம் பாட்டிமாருக்கே தெரியும். பசு பருவத்துக்கு வருவதைக் கவனியுங்கள். ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வரும். அரை நாளுக்குமேல் அதிகம் நிற்காது. பெரும்பாலும் இரவில் வரும். நாம் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விட்டால் அந்த வாய்ப்பு போயிற்று. இன்னும் மூன்று வாரம் வெறுந்தீனி. காலையில் அறிகுறி கண்டால் மாலையில் சினை ஊசி போடவேண்டும் என்பது பண்ணை விதி. கண்ட தேதியை எழுதி வைத்தால்தான் அடுத்த தேதி தெரியும். கன்று பிறந்த நாள், சீம்பால் குடித்த நேரம், ஈனுவதற்கு 60 நாள் முன்பு கறவையை நிறுத்திய நாள் எல்லாம் ஏட்டில் ஏறும்.

காளையின் விஷயமும் அப்படியே. நாம் திமிலைப் பார்த்தோம், கொம்பைப் பார்த்தோம். பக்கத்து லயத்துக் காளை என்றால் அதுவே போதும் என்றோம். தகப்பனையே மகளுக்குச் சேர்த்த கதையும் உண்டு. காளையின் தரம் அதன் மகள்களின் மடியில் தெரியும். மகள்களின் பாலை எழுதாதவன் காளையை எப்படித் தேர்ந்தெடுப்பான்?

நாம் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். இளங்கன்றை மாடு கடிக்கிறதென்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு மாதத்தில் மாடுகளை அகற்றவேண்டுமாம்! இறைச்சி வியாபாரிதான் வந்தார். ஏழு மாதச் சினைப் பசுவும் லாரி ஏறியது. ஒரு மூதாட்டி அதன் கழுத்து மணியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். நஷ்ட ஈடு கேட்டுப் போனபோது நிர்வாகம் ஒரே கேள்வி கேட்டது: "அந்த மாடு எத்தனை லிட்டர் கறந்தது? ஆதாரம் எங்கே?" கட்டுக்கட்டாய்ச் செக்ரோல் எழுதிய நம் கையில் அதற்கு ஒரு காகிதமில்லை. வெட்கத்தோடு திரும்பினோம்.

ஆகையால் தோழர்களே, செம்பனைத் தோட்டத்தில் மாடு மேய்ப்பதே கூடாது என்ற வாதம் இனிச் செல்லாது. மரம் வளர்ந்தபின் மின்வேலி கட்டி, முறை வைத்து மேய்த்து, களைச் செலவைக் குறைக்கும் தோட்டங்கள் இந்நாட்டிலேயே உண்டு. மேய்ச்சல் நிலத்தைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். குளுவாங்கில் இன்று 'இன்ஸ்டிடியூட் வெட்டரினார் மலேசியா' என்ற பெயரில் கால்நடைப் படிப்பு நடக்கிறது. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள், பெண் பிள்ளைகள் உட்பட, மனுப் போடட்டும். மனு எழுதக் கிராணிமார்கள் நாம் இருக்கிறோம்.

கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாசல் மேசைமேல் இருக்கிறது. மாடு வைத்திருக்கும் ஒன்பது குடும்பத்தாரும் போகும்போது பசுவின் பெயரையும், இன்று காலை கறந்த பாலின் அளவையும் சொல்லிவிட்டுப் போங்கள்.