பேரவையும் பொறுப்பும்: பங்கை நடத்துவதில் பொதுநிலையினர்

திருச்சபை வாழ்வில் பொதுநிலையினர் பெறும் இடம் குறித்துப் பேச வேண்டும் என்பது இந்தப் பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் விதி. அந்த விதிக்கு உட்பட்டு, நம் துறையில் பல்லாண்டுகளாகத் தீராமல் கிடக்கும் ஒரு வழக்கை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

வழக்கின் தரப்புகளை இந்த அவை அறியும். பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஆணையேடு, மறைமாவட்டங்களிலும், இயன்றால் பங்குகளிலும் ஆலோசனை மன்றங்கள் அமைய வேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதற்கு வடிவம் தந்தது. 537ஆம் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும். அருட்பணிப் பேரவை அப்படியன்று. 536ஆம் சட்டம் அதை ஆயரின் தீர்மானத்துக்கு விட்டிருக்கிறது. அமைந்த பின்னும் பங்குத்தந்தையே தலைவர். பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே. இந்தக் கடைசி விதியைத்தான் என் சக ஆய்வாளர் பலர் நோயின் வேர் என்கிறார்கள். முடிவெடுக்கும் வாக்கைக் கொடுத்துவிட்டால் பேரவை உயிர்பெறும் என்பது அவர்கள் கட்சி. எதிர்த்தரப்பினரோ, பேரவை சங்கத்துக்குப் பின் வந்த புதுவரவு, தமிழ்ப் பங்குகளோடு ஒட்டாத ஏற்பாடு என்று ஒதுக்குகிறார்கள். இரு தரப்பையும் நான் ஏற்கவில்லை. தமிழ்க் கத்தோலிக்கர் நடுவே பொதுநிலையினர் பங்கை நடத்திய வரலாறு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அந்த வரலாற்றில் அவர்கள் கையில் வாக்கு இருந்ததில்லை. இன்னாருக்கு இன்ன கடமை என்று ஒப்படைக்கும் வழக்கமும், அந்தக் கடமைக்குக் கணக்குக் கேட்கும் ஒழுங்கும் இருந்தன. இன்றைய பேரவைகளில் இல்லாதவை அவ்விரண்டுமே என்பது என் வாதம்.

சான்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள்; அவர்களுக்கு மறைவிடம் தருவோர்க்கு மரணதண்டனை என்று ஆணை பிறந்தது. கோயில்கள் சீர்திருத்தச் சபையின் வசமாயின. குழந்தைகள் அச்சபையின் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. திருமுழுக்கும் திருமணமும் அங்கேதான் பதிவாக வேண்டியிருந்தன. 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாள் கோலத்தில் வந்து இறங்கும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், குடாநாட்டுக் கத்தோலிக்கர் தங்களுக்கென்று ஒரு குருவின்றி வாழ்ந்தார்கள். வந்தவருக்கு யார் கத்தோலிக்கர் என்று தெரியாது, கேட்கவும் முடியாது. கழுத்தில் செபமாலையை வெளியே தெரியும்படி அணிந்து, பிச்சை கேட்டு வீடுவீடாகப் போனார். மாலையைக் கண்டு முகம் மாறியவர்கள் வழியாகத்தான் அவர் தம் மக்களைக் கண்டுபிடித்தார். பின்னர் அவருக்கு நிலையான இடம் தந்தது சில்லாலை என்ற ஊர். 1689இல் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய இரவு, வழிபாட்டுக்குக் கூடியவர்களை ஒல்லாந்தப் படையினர் வளைத்துப் பிடித்தனர். வாஸ் அடிகள் தப்பினார். சிறைக்குப் போனவர்கள் பொதுநிலையினர். இந்த இரவை நம் பாடநூல்கள் வாஸ் அடிகளின் வரலாற்றில் ஒரு கட்டமாக மட்டும் சொல்லிச் செல்கின்றன. பிடிபட்டவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்த அமைப்பு எது, செய்தி எவர் வழியே பரவியது, எவர் வீட்டில் கூடுவது என்று முடிவுசெய்தது யார் என்ற கேள்விகள் அவற்றில் எழுவதே இல்லை.

அந்த அமைப்பை வாஸ் அடிகள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஊர்களில் இருந்ததை எடுத்து ஒழுங்குபடுத்தினார். அவரும், 1690களின் பிற்பகுதி முதல் கோவாவிலிருந்து வந்து சேர்ந்த ஒராட்டோரியச் சபைத் துணைவர்களும் ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் என்ற இரு பொறுப்புகளை நிலைப்படுத்தினார்கள். மக்களைக் கூட்டுவதும் கோயிலையும் அதன் உடைமையையும் காப்பதும் மூப்பரின் கடன். ஞாயிறு செபத்தை முன்னின்று நடத்துவது, சிறுவர்க்கு மறைக்கல்வி தருவது, ஆபத்து வேளையில் திருமுழுக்குக் கொடுப்பது, சாகக் கிடப்பவர் அருகில் இருந்து செபிப்பது, அடக்கம் செய்வது ஆகியவை அண்ணாவியாரின் கடன். தீவு முழுவதற்கும் குருக்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த காலம் அது. ஓர் ஊருக்குக் குரு வருவது ஆண்டில் ஓரிரு முறை நடந்தால் பெரிது. வந்தபோது யாருக்குத் திருமுழுக்கு ஆக வேண்டும், எந்தத் திருமணம் ஆசி பெறக் காத்திருக்கிறது, எந்தக் குடும்பங்கள் பகைத்து நிற்கின்றன என்பதை அவருக்குச் சொல்லக்கூடியவர்கள் இவ்விருவரே. இடைப்பட்ட மாதங்களுக்கு இவர்கள் பதில் சொன்னார்கள். குருவும் அந்தப் பதிலைக் கொண்டுதான் தம் பணியைத் தொடங்கினார். 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் நூல்களை எழுதிக் குவித்ததன் காரணத்தையும் இங்கேதான் தேட வேண்டும். குரு இல்லாத ஊரில் ஒரு பொதுநிலையினர் நின்று வாசிக்க நூல் வேண்டும் அல்லவா? அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ இன்றும் ஈழத்துக் கோயில்களில் தவக்காலத்தில் வாசிக்கப்படுகிறது, வாசிப்பவர்கள் பொதுநிலையினர். மறையுரைக்குரிய உள்ளடக்கத்தையே பொதுநிலையினர் நாவில் வைக்கத் துணிந்த ஒரு மறைபரப்புத் திட்டத்தை, பொதுநிலையினரைக் கைவேலைக்கு மட்டும் பயன்படுத்தியது என்று எவரும் சொல்ல முடியாது.

இதை நான் சொல்லும்போதெல்லாம் எழும் மறுப்பு, அது நெருக்கடிக் கால ஏற்பாடு, இயல்பான காலத்துக்கு எப்படிப் பொருந்தும் என்பது. ஒல்லாந்தர் ஆட்சிக்கு உட்படாத கண்டி அரசு இதற்கு விடை. 1692இல் அங்கே சென்ற வாஸ் அடிகள் உளவாளி என்ற ஐயத்தில் சிறைப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவரை விடுவித்து, வழிபடும் உரிமையும் தந்தார். அடக்குமுறை இல்லாத அந்த அரசிலும் ஒராட்டோரியர் இதே ஒழுங்கையே கைக்கொண்டார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் 1806இல் கத்தோலிக்கருக்கு முழு உரிமை கிடைத்த பிறகும் மூப்பரும் அண்ணாவியாரும் நீடித்தார்கள். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் வந்து, குருக்களின் தொகை பெருகப் பெருக, கடமைகள் ஒவ்வொன்றாகக் குருவின் கைக்கு மாறின. மக்களின் ஆற்றல் குறைந்ததால் நேர்ந்த மாற்றம் என்று இதைக் கொள்ள எனக்கு ஆதாரம் தெரியவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு; அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். பொதுநிலையினர் கையில் அதிகாரம் என்றால் நம் ஊர்களில் அது ஆதிக்கச் சாதியின் கையில் அதிகாரம் என்றே முடியும் என்கிறார்கள். தமிழகத்து வடக்கன்குளம் திருக்குடும்பக் கோயில் அவர்களின் சான்று. சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரிந்து, பீடத்தில் மட்டும் இணையும் கோயில் அங்கே எழுந்தது. நடுச்சுவரை 1910இல் இடிக்கச் செய்தவர்கள் குருக்கள். பிரிவினை தங்கள் உரிமை என்று வழக்காடியவர்கள் பொதுநிலையினர். அவர்கள் வாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றது. இது உண்மை, வெட்கத்துக்குரிய உண்மை. யாழ்ப்பாணத்து மூப்பர் பதவியும் சாதிக்கும் குடும்பத்துக்கும் அப்பாற்பட்டு நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சான்று, பேரவைக்கு முடிவெடுக்கும் வாக்குக் கேட்கும் என் நண்பர்களின் கட்சியைத்தான் முதலில் தாக்குகிறது. முடிவெடுக்கும் வாக்கை எண்ணிக்கைக்குக் கொடுத்தால் சிறுபான்மைக் குடும்பங்களும் தலித் கத்தோலிக்கரும் நிரந்தரமாகத் தோற்பார்கள். வடக்கன்குளத்தில் கேட்கப்பட்டது பிறப்புரிமை. நான் கேட்பது கணக்குக்கு உட்பட்ட பொறுப்பு. காலவரை, சுழற்சி, பெண்களுக்கும் தலித் மக்களுக்கும் உறுதியான இடம், எழுத்தில் பதிவான கூட்டக்குறிப்பு ஆகியவை அந்தப் பொறுப்பைப் பிறப்புரிமை ஆகாமல் காக்கும். அன்பியங்கள் என்னும் அடித்தளக் கிறிஸ்தவச் சமூகங்கள் வழியே உறுப்பினரைத் தெரிவுசெய்யும் பங்குகளில் இதற்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது.

சட்டமும் இதற்குத் தடை இல்லை. ஆலோசனை கேட்பதைச் சட்டம் கட்டாயமாக்கிய இடத்தில், கேளாமல் செய்த செயல் செல்லாது என்கிறது 127ஆம் சட்டம். கேட்டவர் அந்தக் கருத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்றாலும், எல்லாரும் ஒருமித்துச் சொன்னதைத் தக்க காரணமின்றி மீறக் கூடாது என்றும் அது சொல்கிறது. தம் மறைமாவட்ட நெறிமுறையில் ஓர் ஆயர் இதே ஒழுங்கைப் பங்குக்கும் எழுதிவைக்கலாம்: இன்னின்ன காரியங்களில் பங்குத்தந்தை பேரவையைக் கேட்க வேண்டும், மறுத்தால் காரணத்தைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். ஆலோசனை வாக்கு ஆலோசனை வாக்காகவே இருக்கும். மௌனமாகப் புறக்கணிக்க மட்டும் இயலாது. 2024 அக்டோபரில் உரோமையில் நிறைவுற்ற ஆயர் மாமன்றத்தின் இறுதி ஏடு, இத்தகைய மன்றங்கள் கட்டாயமாக வேண்டும் என்றும், ஆலோசனை வாக்கு பற்றிய சட்டச் சொற்கள் மறுபரிசீலனைக்கு உரியவை என்றும் கூறியிருக்கிறது. முதலாவதை வரவேற்கிறேன். இரண்டாவது, நெறிமுறை எழுதாத மறைமாவட்டத்தில் எதையும் மாற்றாது.

நேரம் முடிகிறது, செய்ய வேண்டியவற்றைச் சொல்லி அமைகிறேன். நிதிக்குழுவுக்கும் பேரவைக்கும் உள்ள உறவு தனி ஆய்வுக்கு உரியது. கேரளத்துப் பங்குப் பொதுக்கூட்டமான பள்ளியோகம் 1599ஆம் ஆண்டு உதயம்பேரூர்ச் சங்கத்துக்குப் பின் எப்படி உருமாறியது என்பதைத் தமிழ்ப் பங்குகளோடு ஒப்பிட வேண்டும். முத்துக்குளித்துறையின் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிமாரையும் தமிழகத்து உபதேசியார்களையும் இந்தக் கண்ணோடு மீண்டும் பார்க்க வேண்டும். சில்லாலையிலும் மன்னாரிலும் அண்ணாவியார் வழிவந்த குடும்பங்களில் ஏடுகள் இருந்தால், அவை அழியுமுன் படியெடுக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, பங்குப்பேரவைகளின் பழைய கூட்டக்குறிப்பேடுகளை ஆய்வு மாணவர்க்குத் திறந்துவிடுமாறு நம் மறைமாவட்ட ஆயர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.