மூட்டுவாதமும் கைத்தொலைபேசியும்



எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே நீண்டு கிடக்கின்றது மட்டக்களப்பு வாவி. விடியுமுன் தோணியிறக்கி வலை இழுப்போருக்கும், வயலிற் களை பிடுங்கும் பெண்களுக்கும் கைகால் மூட்டுகளே முதல். அவை நோயுற்றால் வீட்டின் அடுப்பும் சோர்ந்துவிடும்.

இன்று அவ்வீடுகளிலும் கைத்தொலைபேசி உண்டு. நோவைக் குறித்து வைக்கவும், மருந்து வேளையை நினைவூட்டவும் வல்ல செயலிகள் அதில் உள்ளன. அவற்றால் விளையும் பயன் பெரிது. முடக்குவாதம் நாளுக்கு நாள் மாறும் இயல்பினது. காலையில் விரல்கள் எவ்வளவு நேரம் விறைத்திருந்தன, எந்த மூட்டு வீங்கியது என்பவற்றை, மாதம் ஒருமுறை கிளினிக்குக்குச் செல்பவர் மறந்துவிடுவார். மூட்டுத் தேய்வினால் வரும் விறைப்புப் பெரும்பாலும் அரைமணிக்குள் தளரும். முடக்குவாத விறைப்போ ஒரு மணிக்கு மேலும் நீடிக்கக்கூடும். ஆகவே, அன்றன்று பதிந்த குறிப்பு வைத்தியருக்கு நல்ல துணை.

எனினும், கருவி தான் பெற்ற கட்டளையையே திருப்பிச் சொல்லும்; பிழையை அறியாது. முடக்குவாதத்திற்கு வழங்கப்படும் மெதோட்ரெக்சேட் என்னும் மருந்து வாரத்தில் ஒரு நாள் மட்டும் உட்கொள்ளற்பாலது. செயலியில் ‘நாள்தோறும்’ என்று தவறாகப் பதிந்துவிட்டால் மணி நாள்தோறும் ஒலிக்கும். அதை நம்பி விழுங்குபவரின் வாய் புண்ணாகும். எலும்பு மச்சை நலியும். உயிருக்கே இறுதி நேரலாம். எனவே, உட்கொள்ளும் கிழமையை வைத்தியரிடம் கேட்டுப் பதிதல் வேண்டும். வீட்டில் எழுத்தறிந்த மற்றொருவர் அதனை மருந்துறையோடு ஒப்பிட்டுப் பார்த்தலும் நன்று. தவறு நேர்ந்துவிட்டாலோ, நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ அயலிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கோ உடனே செல்லல் வேண்டும். 1990 என்னும் எண்ணை அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும்.

நோய் இன்னதென்று செயலியிடம் கேட்டு முடிவு செய்தலும் தகாது. 2006ஆம் ஆண்டில் இப்பகுதியிலும் பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சல், மூட்டுகளை முடக்குவாதம் போலவே வருத்த வல்லது. இரண்டையும் பிரித்தறிய உடற்பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். செயலி கூறிற்று என்று நோமாத்திரைகளை நெடுநாள் விழுங்குவோருக்கு இரைப்பையும் சிறுநீரகமும் கேடுறலாம்.

இன்னுமொன்று. தனியாள் தரவுகளைக் காக்க இயற்றப்பட்ட 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், உடல்நலச் செய்திகளைத் தனிக் காப்புக்குரியனவாக வகுத்துள்ளது. ஆயினும், அடையாள அட்டை எண்ணையும் வங்கி விபரத்தையும் கேட்கும் செயலிக்கு அவற்றைக் கொடாமை நன்று.

அடுத்த கிளினிக் நாளன்று கொப்பியோடு கைத்தொலைபேசியையும் எடுத்துச் செல்க. அதிலுள்ள குறிப்பை வைத்தியர் பார்க்கட்டும். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் அவர் சொற்படியே ஆகட்டும்.