இலக்கு மருந்துகளும் எளியோர் கணக்கும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், பொள்ளாச்சிக்கு அண்மையில் உள்ளது முதலமடை. மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற இவ்வூராட்சியில் தமிழும் மலையாளமும் இணைந்தே ஒலிக்கின்றன. இங்குத் தோப்பில் கூலிக்கு உழைக்கும் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவந்தால், அவர் கோவைக்கோ திருச்சூருக்கோ சென்றாக வேண்டும். துணைக்குச் செல்பவரும் அன்றைய கூலியை இழக்கிறார். ஆகவே, எந்த மருந்து சிறந்தது என்பது அவ்வீட்டில் மருத்துவ வினா மட்டுமன்று. பொருளாதார வினாவும் ஆகும்.

சோதனையே முதற்படி

நுரையீரல் புற்றுநோய்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 85 'சிற்றணு அல்லாத' வகையைச் சேர்ந்தவை. இவ்வகையில் பெரும்பான்மையான அடினோகார்சினோமா நோயாளிகளுள், இந்தியாவில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. நூற்றில் சிலருக்கு ஏ.எல்.கே. மரபணு மாறியுள்ளது. இம்மாற்றங்களைக் குறிவைத்துச் செயற்படுபவையே இலக்கு மருந்துகள்.

இலக்கு இல்லாத இடத்தில் இம்மருந்து பயன்படாது. ஆசிய நாடுகளில் 1,217 பேரிடம் நடந்து, 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. மரபணு மாற்றம் உடையோரிடம் ஜெஃபிடினிப் மாத்திரை நோயை 9.5 மாதங்கள் கட்டுப்படுத்தியது. வழக்கமான கீமோதெரபி கட்டுப்படுத்தியது 6.3 மாதங்களே. மாற்றம் இல்லாதோரிடமோ மாத்திரை 1.5 மாதங்களும், கீமோதெரபி 5.5 மாதங்களும் பயன் தந்தன. சோதனைச் செலவை மிச்சப்படுத்த எண்ணி மாத்திரையை மட்டும் வாங்கும் குடும்பம், பணத்தோடு காலத்தையும் இழக்க நேரிடும்.

ஒப்பீட்டின் நுட்பம்

ஜெஃபிடினிப், எர்லோடினிப் ஆகியவை முதல் தலைமுறை மருந்துகள். ஆசிமெர்டினிப் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது. இரண்டையும் நேரடியாக ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வில், ஆசிமெர்டினிப் நோயை 18.9 மாதங்களும் பழைய மருந்துகள் 10.2 மாதங்களும் கட்டுப்படுத்தின. சராசரி உயிர்வாழ்வு முறையே 38.6, 31.8 மாதங்கள். எனினும், ஆசிய நோயாளிகளைத் தனியே நோக்கியபோது உயிர்வாழ்வில் இவ்வேறுபாடு புலப்படவில்லை.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை வேறொரு வழியை நாடியது. 350 நோயாளிகளிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஜெஃபிடினிப் மட்டும் நோயை 8 மாதங்கள் கட்டுப்படுத்தியது. அதனுடன் பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் ஆகியவற்றைச் சேர்த்தபோது அது 16 மாதங்களாயிற்று. கடுமையான பக்கவிளைவுகளும் நூற்றுக்கு 25இலிருந்து 51 ஆயின என்பதை மறக்கலாகாது.

இந்த 16 மாதங்களையும் முன்னர்க் கூறிய 18.9 மாதங்களையும் அருகருகே வைத்து முடிவு கட்டுவது பிழையாகும். மும்பை ஆய்வில் உடல்நிலை நலிந்தோரும் சேர்க்கப்பட்டிருந்தனர். வெவ்வேறு களங்களில் விளைந்ததை ஒரே மரக்காலால் அளக்க இயலாது.

ஏ.எல்.கே. மாற்றம் உடையோரிடம் வேறுபாடு இன்னும் பெரிது. ஓர் ஆய்வில் அலெக்டினிப் 34.8 மாதங்களும், கிரிசோடினிப் 10.9 மாதங்களும் நோயைக் கட்டுப்படுத்தின.

விலையின் கதை

எர்லோடினிப் மாத்திரையின் காப்புரிமை பெற்ற நிறுவனமாகிய ரோஷ், ஒரு மாத்திரையை ஏறத்தாழ 4,800 ரூபாய்க்கு விற்றது. சிப்ளா நிறுவனம் 2008இல் அதனை 1,600 ரூபாய்க்குக் கொணர்ந்தது. தடையாணை கோரப்பட்டபோது, உயிர்காக்கும் மருந்து மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்ற பொதுநலனையும் கருதி, தில்லி உயர் நீதிமன்றம் அதனை மறுத்தது. 2015இல் காப்புரிமை மீறப்பட்டதாகவே தீர்ப்பாயிற்று. ஆனால் காப்புரிமைக் காலம் முடியும் தறுவாயில் இருந்ததால் தடை விதிக்கப்படவில்லை.

2019இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக இலாபத்திற்கு 30 சதவிகித வரம்பு விதித்தது. எர்லோடினிப்பின் ஒரு வணிகப் பெயர் 9,999 ரூபாயிலிருந்து 900 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அடக்க விலைக்கும் அச்சிட்ட விலைக்கும் இடையே எத்துணை இடைவெளி இருந்தது என்பதற்கு இதுவே சான்று. 2024இல் ஆசிமெர்டினிப் மீதான சுங்கவரி நீக்கப்பட்டு, சரக்கு மற்றும் சேவை வரி 12இலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் கேரள அரசு காருண்யா மருந்தகங்கள் வாயிலாகப் புற்றுநோய் மருந்துகளை இலாபமின்றி வழங்கத் தொடங்கியது.

செய்ய வேண்டுவன

மாத்திரையை வீட்டிலேயே உட்கொள்ளலாம்; கூட்டு மருத்துவத்திற்கோ மூன்று வாரத்திற்கொரு முறை பயணம் வேண்டும். மருந்து மலிந்தாலும் பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் மலிவதில்லை. எனவே, மருந்துகளை ஒப்பிடும்போது நீளும் மாதங்கள், பக்கவிளைவு, மருந்தின் விலை, சோதனைச் செலவு, பயணச் செலவு ஆகிய ஐந்தையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். திசு மாதிரியை ஊரிலிருந்து ஆய்வகத்திற்கு அனுப்பும் ஏற்பாடும், கீமோதெரபி மருந்தை மாவட்ட அளவிலேயே செலுத்தும் வசதியும் பெருகினால், அறிவியல் ஈட்டித்தந்த மாதங்கள் முதலமடைத் தோப்புத் தொழிலாளிக்கும் உரியவையாகும். விலைக் குறைப்பு தொடக்கமே. மருந்து உரியவரைச் சென்றடைவதே திட்டத்தின் நிறைவாகும்.