குறை சொல்வதும் ஒரு கலை

படங்களை ஒட்டி ஒரு படமாக்குவது கணினி கொண்டுவந்த பழக்கமன்று. ஆஸ்கார் ரெய்லாண்டர் 1857-ஆம் ஆண்டிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் உருவாக்கினார். குறை கூறியவர்கள் இருந்தனர். விக்டோரியா மகாராணியோ ஒரு பிரதியை வாங்கினார்.

இன்று புகைப்பட ஆர்வலர் ஒருவர், நண்பகலில் எடுத்த படத்தில் அந்தி வானத்தை ஒட்டி நண்பர்களிடம் காட்டுகிறார். “செயற்கையாக இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால் அவர் மனம் சுருங்கும், படம் திருந்தாது. “பிரமாதம்” என்றாலும் அவர் கற்பது ஒன்றுமில்லை.

“என்ன காட்ட நினைத்தீர்கள்?” என்று முதலில் கேட்கவேண்டும். பிறகு, “சூரியன் இடப்பக்கம் இருக்கிறது, ஆளின் நிழலும் இடப்பக்கமே விழுகிறதே” என்று இடத்தைச் சுட்டவேண்டும். அதை அவரால் திருத்த முடியும்.

ஆளை விட்டுப் படத்தைப் பேசினால், அடுத்த படத்தையும் அவர் தயங்காமல் கொண்டுவருவார்.