கடல்நாய்களின் சாப்பாட்டுக் கணக்கு

1992இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையோரம் காட் மீன் பிடிக்கத் தடை வந்தது. பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள். மனிதர்கள் அளவுமீறிப் பிடித்ததே முதல் காரணம் என்றாலும், பழி கடல்நாய்கள் மீதும் விழுந்தது.

உண்மையில் அவை எதைத் தின்கின்றன?

ஆய்வாளர்கள் கடல்நாயின் எச்சத்தைச் சலித்து, செரிக்காமல் தங்கிய மீன்களின் காதுக்கற்களைப் பொறுக்குகிறார்கள். கல்லின் வடிவம் மீனின் இனத்தைக் காட்டும். அளவு நீளத்தைச் சொல்லும். ஆனால் பெரிய மீனின் வயிற்றை மட்டும் தின்று தலையை விட்டுவிட்டால் கல்லே கிடைக்காது. அதனால்தான் கடல்நாயின் தோலடிக் கொழுப்பையும் சோதிக்கிறார்கள். பொறுமை மிகுந்த, அருமையான வேலை இது!

தென்னாப்பிரிக்காவில் சிக்கல் இன்னும் அதிகம். அங்கே கடல்நாய்கள் தின்னும் ஆழங்குறைந்த பகுதி ஹேக் மீன், ஆழ்கடல் ஹேக்கின் குஞ்சுகளை விழுங்கும். கடல்நாய்களைக் குறைத்தால் முதல் வகை ஹேக் பெருகி, அந்தக் குஞ்சுகளை இன்னும் அதிகமாக விழுங்கக்கூடும். ஆகவே, அதனால் ஹேக் மீனவர்களுக்குப் பலன் கிடைக்கும் என்பது சந்தேகமே.