அகத்தியர்கூடத்துக்குப் பெயர் கொடுத்த பதினான்கு பேருக்கும்

(நம் குடியிருப்போர் நலச்சங்க மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டி கழுவுகிற விஷயம் எனக்குப் பிறகுதான் வருகிறது. தயவுசெய்து யாரும் எழுந்து போய்விடாதீர்கள்.

அகத்தியர்கூடம் போகலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு எழுந்தது. இதுவரை பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் எட்டுப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நானும் அதில் ஒருவன், வயது 66. ஆசை நியாயமானதுதான். சடையநேரிக் கால்வாயில் தண்ணீர் வந்தால்தான் நம் பக்கத்துக் குளங்கள் நிறையும். அந்தத் தண்ணீர் தாமிரபரணித் தண்ணீர். அது பிறக்கிற பொதிகை மலையை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது?

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம், அதாவது 6,100 அடிக்கு மேல். நம்மில் சிலர் இதைத் தேசியப் பூங்கா என்று சொல்கிறீர்கள். சட்டப்படி இது வனவிலங்கு சரணாலயப் பகுதி. கேரளப் பக்கம் நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்கள், நம் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். எல்லாம் சேர்ந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016-இல் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. மலை நமக்கும் சொந்தம் என்றாலும் வழி கேரளா வழிதான். திருவனந்தபுரத்திலிருந்து விதுரா, அங்கிருந்து போனக்காடு. அங்கே நடை ஆரம்பம். பாபநாசம் பக்கமாக ஏறிவிடலாம், ஆள் தெரியும் என்று ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சே வேண்டாம். அனுமதி இல்லாத வழி அது.

பருவம் ஜனவரி நடுவில் தொடங்கிச் சில வாரங்கள் மட்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துக் கேரள வனத்துறை ஆன்லைனில் பதிவு செய்கிறது. திறந்ததுமே இடம் தீர்ந்துபோகும். பதினான்கு பேருக்கும் ஒரே நாளில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், இரண்டு அணியாகப் போக நேரலாம். பெண்கள் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். தாராளமாகப் போகலாம். முன்பு தடை இருந்தது. கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியில் கே. தன்யா சனல் என்பவர் அனுமதியோடு முதலில் ஏறினார்.

இனி நடைக்கு வருவோம். போனக்காட்டிலிருந்து உச்சிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். போய்வர நாற்பதைத் தாண்டும். மூன்று நாள். முதல் நாள் அதிருமலை முகாம் வரை காடும் ஓடைகளும் புல்வெளியும். இரண்டாம் நாள் அதிருமலையிலிருந்து உச்சிக்குப் போய்த் திரும்பி அங்கேயே தங்க வேண்டும். கடைசிப் பாறைச் சரிவுகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற முடியும். மூன்றாம் நாள் இறக்கம். வழியில் ஒரு செங்குத்து ஏற்றத்துக்கு முட்டிடிச்சான் தேரி என்று பெயர். நமக்குத் தேரி என்றால் குதிரைமொழிச் செம்மணல்தான் நினைவுக்கு வரும். மலையாளத்துத் தேரி மேடு. ஏறும்போது முழங்கால் முகவாயில் இடிக்கிற மாதிரியான மேடு.

நான் காமர்ஸ் படித்தவன், கணக்காகச் சொன்னால்தான் எனக்கே விளங்கும். மொத்த ஏற்றத்தை ஆயிரம் மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். நம் கட்டடம் நாலு மாடி, மாடிக்குப் பத்தடி. அப்படியானால் எண்பது தடவைக்கு மேல் தரையிலிருந்து மொட்டைமாடிக்கு ஏறியதற்குச் சமம். லிஃப்ட் நின்றுபோன அன்று இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்து செயலாளருக்கு போன் போட்டவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை.

உச்சிக்குப் போவதை மட்டும் செலவாக எழுதக் கூடாது. திரும்புவதும் அதே கணக்கில்தான் வரும். பலத்தை மூன்று பங்காக்கி, ஏற ஒரு பங்கு, இறங்க ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது தொடையும் முழங்காலும் போகும், அது நின்றால் சரியாவதில்லை. வழுக்கி விழுவது பெரும்பாலும் களைத்த காலோடு இறங்கும்போதுதான். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் போய்வந்தவர்கள் அங்கே உள்ள எச்சரிக்கையைப் பார்த்திருப்பீர்கள், ஒரே நாளில் ஆறுவரை இறங்கி மேலே ஏறிவர முயலாதீர்கள் என்று. அங்கே இறக்கம் முதலில், நமக்கு ஏற்றம் முதலில். பாதிக்கு மேல் கையிருப்பு இல்லாமல் நடுவழியில் நிற்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இப்போது சொல்லப் போவது சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். இந்த மலைக்கு மருத்துவச் சான்று கேட்கிறார்கள். அதற்கென்ன, நமக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறார், எல்லாருக்கும் மொத்தமாக வாங்கிவிடலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. நான் முப்பத்துநாலு வருஷம் வங்கியில் இருந்தேன். தெரிந்தவர் காசோலை என்பதற்காகக் கையெழுத்தை ஒப்பிடாமல் பாஸ் செய்ய மாட்டோம். அந்தச் சான்றை நாம் வனத்துறைக்கு ஏமாற்றிக் கொடுக்கலாம், மலைக்குக் கொடுக்க முடியாது. நம் பதினான்கு பேரில் ஸ்டென்ட் வைத்தவர் ஒருவர், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், ஒரே கட்டடத்தில் இருக்கிறோம்.

வெள்ளியங்கிரியில் 2024 பருவத்தில் மலை ஏறியவர்கள் பலர் இறந்தார்கள், இளைஞர்கள் உட்பட. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றுதான் செய்திகளில் வந்தது. அங்கே ஆயிரக்கணக்கில் ஜனம் கூட நடக்கும். அதிருமலையில் நாம்தான். ஆம்புலன்ஸ் வராது, போனில் சிக்னலை நம்ப முடியாது, தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு ஆளைத் தூக்க எத்தனை பேர் வேண்டும், அந்த எத்தனை பேருக்கும் அறுபது வயது என்றால் என்ன ஆகும், யோசியுங்கள்.

ஆகவே ஒவ்வொருவரும் தம்முடைய சொந்த டாக்டரிடம், இத்தனை கிலோமீட்டர், இத்தனை ஏற்றம், மூன்று நாள் என்று எழுதிக்கொண்டுபோய்க் கேளுங்கள். மலைக்குப் போகிறேன் என்று மொட்டையாகச் சொன்னால் அவர் ஊட்டி என்று நினைத்துக்கொள்வார். ஊசி போடுகிறவர்களுக்கு நீண்ட நடையில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கும், மருந்தின் அளவை அவர்தான் மாற்றித் தர வேண்டும். இன்னொன்று, நம் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்பது பொய். ஏற்றும். அதனாலேயே பையில் இரண்டு துண்டு இருக்கட்டும், கை நடுங்கி வியர்த்தால் வாயில் போட. வெறும் மருந்துக் கணக்கு, பலகாரக் கணக்கு அல்ல.

குழுவுக்கு என் யோசனை இது. இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்ப்போம். ஒருவர் திரும்பினால் ஜோடிக்காரரும் திரும்ப வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது. கடைசியில் வருகிறவர் வேகம்தான் எல்லாருடைய வேகம். உச்சிக்குப் போகிற அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்பிவிட வேண்டும், இன்னும் கால் மணி நேரம்தான் என்று யார் சொன்னாலும் சரி. இதை இங்கே, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து முடிவு செய்வது சுலபம். அங்கே உச்சி கண்ணுக்குத் தெரியும்போது முடியாது. வனத்துறை வழிகாட்டி சொல்வதற்கு மறுபேச்சும் வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று போடி பக்கம் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன 23 பேர் உயிர் போனது. காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் ஓடித் தப்ப நேரமே இருக்காது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ள அண்ணாச்சிமார் மூன்று நாள் விரதம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அதிருமலை வரை மட்டும் போய் அங்கே தங்கி, உச்சிக்குப் போகாமல் திரும்புவதும் முழுப் பயணம்தான் என்பது என் கருத்து. மற்றவர்கள் உச்சிக்குப் போய்வரும் வரை ஓடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு முகாமில் கிடக்கலாம். எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை. நான் மார்கழிக்குள் பயிற்சியில் தேறவில்லை என்றால் அதைத்தான் செய்யப் போகிறேன்.

சாமான் விஷயத்தில் அதிகம் சொல்ல இல்லை. புது ஷூ வாங்கி அன்றைக்கே போடாதீர்கள், இரண்டு மாதம் முன்பே வாங்கி நடந்து பழக்குங்கள். கால் நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், இறக்கத்தில் நகம் ஷூவில் இடித்துக் கறுத்துப்போகும். பிளாஸ்டிக் பை, கவர் எல்லாம் சோதனையில் எடுத்துவிடுவார்கள். இங்கிருந்து ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போய்க் காலையில் அப்படியே ஏறுவது கூடாது. முந்தின நாளே போய்த் தூங்கி எழ வேண்டும். ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகையை மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல, பொருளாளர் மன்னிக்க வேண்டும்.

நம் ஊரில் மலை இல்லை, ஆனால் பயிற்சிக்கு வசதி இருக்கிறது. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற ஊர்க்காரர்கள் நாம், தூரம் நமக்குப் புதிதல்ல. ஏற்றம்தான் பழக வேண்டும். தேரி மணலில் ஒரு மணி நேரம் நடந்தால் கெண்டைக்கால் என்ன என்று தெரியும். அதோடு தினமும் மாடிப்படி, முதலில் ஐந்து தடவை, பிறகு பத்து, பிறகு முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு. இறங்கும்போதும் லிஃப்ட் வேண்டாம்.

வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு கேட் பக்கம் கூடுவோம். தேரிக்குப் போய் ஏழரைக்குத் திரும்பலாம். தண்ணீர் ஒரு லிட்டர் ஆளாளுக்கு. ஸ்டென்ட் வைத்த அண்ணாச்சியும் வரட்டும், ஆனால் சனிக்கிழமைக்குள் டாக்டரைப் பார்த்துவிட்டு வரட்டும். கேள்வி இருந்தால் இப்போதே கேட்கலாம். இல்லையென்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் போவோம்.